மாதாவை அனுப்பினேன், நான் போகவில்லை

நேற்று ஒரு கல்லூரிப் பெண் குர்த்தி தைக்கத் துணி கொண்டுவந்தாள். யானைக்கவுனியில் வாங்கினாளாம். மஞ்சளும் கறுப்புமாகப் பெரிய பெரிய வட்டம் போட்ட துணி. "ஆப்பிரிக்கன் பிரிண்ட் ஆன்ட்டி, இப்ப இதான் ட்ரெண்டு" என்றாள். வெட்டுவதற்கு முன் மடிப்பு எடுக்கலாமென்று அயர்ன் பாக்ஸை வைத்தேன். சூடு பட்டதும் மெழுகும் கஞ்சியும் கலந்த ஒரு வாடை எழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளை, துணி கருகுவதற்குள் அந்தப் பெண் "ஆன்ட்டி!" என்று கத்தினாள்.

அது உன் வாடை. எர்ணாவூருக்கு நீ வந்து இறங்கிய அன்று உன் பெட்டியைத் திறந்தபோது வந்த அதே வாடை. தான்சானியாவில் அத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு நீ கொண்டுவந்த சொத்து கித்தேங்கே என்று அந்த ஊரில் சொல்லும் சில அச்சுத் துணிகளும் சர்க்கரை வியாதியும்தான். வெள்ளைச் சேலைக்கு மேல் அந்தப் பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் மீன் ஆய உட்கார்ந்தாய். தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னா பாக்குறீங்க? கன்னியாஸ்திரி வஞ்சிர மீனு துன்ன மாட்டாளா?" என்று கேட்டாய். ராயபுரத்துப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே வாய். ஊருக்கு நீ சிஸ்டர். எனக்கு மட்டும் நீ, வா, போ.

போன வாரம் இங்கே ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. நல்ல சேதி சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. என் தம்பி லூர்து தன் பெண்டாட்டி சகாயத்தை அடிக்கிறான் என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் உனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ எங்கள் அன்பியத்துக்கு முதல் தடவை வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, வாசகம் வாசித்து, டீ குடித்துக் கலைவோம். அதற்கு நான் தலைவி. அப்போது தவக்காலம். சிலுவைப் பாதை தியானம் முடிந்த கையோடு, மீன் விற்கும் ரெஜினா வீங்கின கன்னத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். நான் தலைவியாயிற்றே, சும்மா இருப்பேனா? "ஆண்டவரு சிலுவைய சுமந்தாரு இல்ல, அத்த மாதிரி நெனச்சு தாங்கிக்கோ ரெஜினா" என்று அழகாகச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

நீ டீ டம்ளரைக் கீழே வைத்தாய். "ஒரு நிமிஷம் பிலோமி. அந்த சிலுவைய அவரு கடைல போயி வாங்கினாரா? எவனோ ஒருத்தன் அவரு தோள் மேல ஏத்தினான் இல்ல? அவன் தப்பு பண்ணான்னு சொல்றியா, இல்ல அவன் செஞ்சது புண்ணியம்னு சொல்றியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் தெருவில், என் அன்பியத்தில், என்னையே மடக்குகிறாளே என்று. "அது வேற, இது வேற சிஸ்டர்" என்றேன். அன்று முதல் தடவையாக உன்னை சிஸ்டர் என்று கூப்பிட்டேன், கவனித்தாயா? நீ கவனித்தாய். சிரித்துக்கொண்டே அடுத்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டாய்.

அப்புறம் நீ அந்த ஊர்க் கதையைச் சொன்னாய். அங்கேயும் அன்பியம் உண்டாம், பெயர் ஜுமூயாவாம். அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டுமாம். "மாடு குடுத்து வாங்கினேன், அடிப்பேன்றான் அந்த ஊர்க்காரன். போட்ட நகை பத்தல, அடிப்பேன்றான் நம்ம ஊர்க்காரன். ரெண்டு பேருக்கும் வேதத்துல ஒரே வாசகம்தான் தெரியும். பொண்டாட்டி பணிஞ்சு போவணும்ன்றது மட்டும்." அந்த ஊர்ப் பெண்கள் சிலர் படித்துப் பட்டம் வாங்கி, ஆண்களே சொல்லிக்கொடுத்து வந்த வேதத்தைத் தாங்களே எடுத்து வாசிக்கத் தொடங்கியதையும், உன்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போய் மரத்தடியில் பாய் போட்டு உட்காரவைத்ததையும் சொன்னாய். "கடவுள் பேசினது எது, கடவுள் பேர வச்சி ஆம்பள பேசினது எதுன்னு பிரிக்கணும்டி. அரிசில கல்லு பொறுக்கற மாதிரி. கல்லு கீதுன்னு அரிசிய கொட்டிடாத, அரிசின்னு கல்லையும் மென்னுடாத."

ரெஜினா அழுகையை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தானே நம் வாசல் ஜெபம் ஆரம்பித்தது! ஒரு வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால், கேட்டவள் உடனே போய் அந்த வாசலில் நின்று ஜெபமாலையைச் சத்தமாகச் சொல்லத் தொடங்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரி சேர்ந்துகொள்ள வேண்டும். கதவு திறக்கிற வரைக்கும் விடக் கூடாது. நீ போட்ட சட்டம். "கதவ ஒடைச்சா போலீசு நம்மள பிடிக்கும். ஜெபம் சொன்னா எவன் இன்னா கேப்பான்?" என்றாய்.

முதல் வாசல் ரெஜினாவுடையது. ஞாபகம் இருக்கிறதா? அவள் புருஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து பார்த்தான். இருபது பொம்பளை வாசலில். "இன்னா, யார்னா செத்துட்டாங்களா?" என்றான். நீ ஜெபமாலையைக் கீழே இறக்காமலே சொன்னாய்: "இன்னும் இல்ல நைனா. அதான் முன்னாடியே வந்துட்டோம்." தெருவே கொல்லென்று சிரித்தது. அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. அன்று நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஜெபம் சொன்னேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. அடுத்தவன் வீட்டு வாசல்தானே.

அப்புறம்தான் லூர்துக்குக் கல்யாணம் ஆயிற்று. அம்மா செத்தபோது அவன் கைக்குழந்தை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. எண்ணூர்க் குப்பத்துக்கு நானேதான் பெண் பார்க்கப் போனேன். சகாயத்தின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எந் தம்பி தங்கம்மா. டிரெய்லர் ஓட்றான், கை நெறைய சம்பாதிக்கிறான். ஒரு சுடுசொல்லு சொல்ல மாட்டான்" என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த வீட்டையே வாடகைக்குப் பிடித்து அவர்களைக் குடிவைத்தேன். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் எண்ணூர் சாலையில் நாள் முழுக்க வரிசையில் நிற்கும். சோறு தண்ணி இல்லாமல் வண்டியிலேயே கிடந்துவிட்டு வருகிறவனுக்குக் கடுப்பு இருக்கும்தான். இதைத்தான் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் தடவை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டபோது, தையல் மெஷினை வேகமாக ஓட்டினேன். அடுத்த தடவையும் ஓட்டினேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. என் பள்ளிச் சீருடை ஆர்டரெல்லாம் சொன்ன தேதிக்கு முன்னாலேயே தயாராகும், வாடிக்கையாளர்கள் பாராட்டுவார்கள். ச்சீ, எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

நீதான் சகாயத்தின் கழுத்தில் விரல் பதிந்த தடத்தைப் பார்த்தாய். பூசை முடிந்து வரும் வழியில் என்னை ஓரமாக இழுத்தாய்.

"உன் சுவத்துல ஒண்ணும் கேக்கலயாடி?"

"மெஷின் ஓடிக்கினே கீது. இன்னா கேக்கும்?"

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கோபம்கூட இல்லை. "சரி, இன்னிக்கி சாயங்காலம் வாசலுக்கு போலாம் வா" என்றாய். ரெஜினாவும் மற்றவர்களும் என் தம்பி வாசலில் நிற்பதா? நாளைக்கு அவள் என்னைப் பார்த்து, முதலில் உன் வீட்டைப் பாரடி என்று கேட்க மாட்டாளா? "நீ கம்முனு இரு. நா அவன்கிட்ட பேசிக்கிறேன். எந் தம்பி, நா சொன்னா கேப்பான்" என்றேன்.

பேசவில்லை. என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். அது ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கும். சாயங்காலம் ஊர்வலமாகக் கொண்டுபோய் வைப்போம், மறுநாள் எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். மாதா இருக்கிற வீட்டில் குடிக்க மாட்டார்கள், கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள், சண்டை போட மாட்டார்கள். எங்கள் தெருவில் எந்த முரடனும் அதை மீறியதில்லை. நான் தலைவி, என் கையில்தானே எல்லாம். முறையை மாற்றி மாதாவை லூர்து வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் எடுக்கவும் இல்லை. "எந் தம்பி ஒரு நவநாள் வேண்டிக்கினு கீறான், இன்னும் கொஞ்ச நாள் அங்கியே இருக்கட்டும்" என்று எல்லோரிடமும் பீலா விட்டேன். மாதா முன்னால் அவன் எப்படிக் கை நீட்டுவான்? நானும் போக வேண்டாம், அவன் மானமும் போகாது, அவளும் பிழைப்பாள். எவ்வளவு புத்திசாலி நான்!

உன்னிடம் இதைச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "நீ போக வேண்டிய எடத்துக்கு மாதாவ அனுப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாய்.

மூன்றாம் நாள் சகாயத்தின் மணிக்கட்டு உடைந்தது. நீதான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பும்போது அவள் சொன்னதை நீ என்னிடம் வந்து அப்படியே சொன்னாய். லூர்து முதலில் தோளிலிருந்த துண்டை எடுத்து மாதா முகத்தை மூடினானாம். அப்புறம் அடித்தானாம். அடித்து முடித்துத் துண்டை எடுத்து, முகம் துடைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தி ஏற்றினானாம்.

அன்று உனக்கு என்மேல் வந்திருக்க வேண்டிய கோபத்தை நான் எதிர்பார்த்தேன். வந்திருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். நீ என் கட்டிலில் உட்கார்ந்து உன் சொந்தக் கதையைச் சொன்னாய். உன் ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி திரும்பத் திரும்ப வருவாளாம், கையில் காயம், தலையில் காயம் என்று. நீ தையல் போட்டு, மருந்து கொடுத்து, கூட வந்த புருஷனிடமே ஒப்படைத்து, "சேர்ந்து ஜெபம் சொல்லுங்க" என்று அனுப்புவாயாம். கடைசித் தடவை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். தையல் போட உயிர் இல்லையாம். சாவு வீட்டில் அந்தத் தெருப் பெண்கள் உன்னைச் சுற்றி நின்றார்களாம். அவர்களில் ஒருத்தி கேட்டாளாம்: "நீ நல்லாக் கட்டுப் போடுவ சிஸ்டர். போட்டு எங்க அனுப்பின?"

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்லடி பிலோமி" என்றாய். "இன்னிக்கும் இல்ல. அதான் உங்கிட்ட சொல்றேன்."

உன் அவமானத்தையே எடுத்து என் கையில் வைத்தாய், நான் வாய் திறக்க வேண்டும் என்பதற்காக. நான் என்ன செய்தேன்? "சரி, டீ போடட்டுமா?" என்றேன். நீ போலீசில் புகார் எழுதச் சகாயத்தைக் கூட்டிப்போனபோது, பக்கத்து வீட்டுச் சாட்சி வேண்டும் என்றார்கள். நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டேன். பங்குச் சாமியார் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார், லூர்து அழுதான், மன்னிப்புக் கேட்டான், சகாயம் மாவுக்கட்டோடு அவனுக்குச் சோறு போட்டாள். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. பெரிய கலாட்டா இல்லாமல் முடிந்ததே என்று.

அப்புறம் உன் கிட்னி போயிற்று. உன்னை மடத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்க வந்தபோதெல்லாம் நீ கேட்ட முதல் கேள்வி, "சகாயம் எப்டி கீறா?" என்பதுதான். "ஜோரா கீறா, அவன் திருந்திட்டான்" என்று நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சாகக் கிடக்கிறவளிடம் பொய் சொன்னேனடி! நீ நம்பினாயா, எனக்காக நம்பியதுபோல் இருந்தாயா, தெரியவில்லை. காசிமேட்டுக் கல்லறையில் உன்னை இறக்கியபோது சகாயம்தான் தேம்பித் தேம்பி அழுதாள். நான் பந்தல்காரனைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். சாயங்காலம், தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரம். அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது. நான் வழக்கம்போல மெஷினை வேகமாக ஓட்டினேன். பாபினில் நூல் தீர்ந்து மெஷின் நின்றது. அப்போதுதான் கவனித்தேன். அடி விழும் சத்தம் கேட்கிறது, சகாயத்தின் சத்தம் கேட்கவில்லை. எப்போதும் "வாணாங்க, வாணாங்க" என்று ஒரு முனகலாவது வரும். அன்று இல்லை. நான் எழுந்தது வீரத்தால் இல்லை, சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்குப் பக்கத்தில் பிணம் விழப்போகிறதே என்ற பயத்தால்.

தம்பி வாசலில் போய் நின்றேன். ஜெபமாலையை எடுக்கவே மறந்துபோனேன். சத்தமாகச் சொல்ல வேண்டும், வாயில் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்கிற ஜெபம், பாதியில் நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், மறுபடி நிற்கிறது. அப்போது பின்னாலிருந்து யாரோ மீதியைச் சொன்னார்கள். ரெஜினா. கையெல்லாம் மீன் செதில். என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்தே சொன்னாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்திகூட என்னைக் கேள்வி கேட்கவில்லை. அவர்களெல்லாம் எத்தனை நாளாகக் காத்திருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. தலைவி முதலில் வரட்டும் என்று.

கதவு திறந்தது. "இன்னாக்கா, நீயா?" என்றான் லூர்து. அவனுக்குக் கோபம்கூட இல்லை, நம்பவே முடியவில்லை. உன்னைப்போல எனக்குச் சூடான பதில் எதுவும் வரவில்லை. "அவள வெளிய வுடுடா" என்று அழுதேன். "நீ எனக்கு அக்காவா, அவளுக்கு அக்காவா?" என்றான். நான் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சகாயம் அடுப்படி மூலையில் வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. கத்தினால் தெருவுக்குக் கேட்கும் என்று அவள்தான் வாயை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கூட்டிக்கொண்டு வந்து என் கட்டிலில் உட்காரவைத்தேன். ரெஜினா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை மகளிர் காவல் நிலையத்துக்கு யார் யார் வருவது என்று மற்றவர்களிடம் பேசப் போனாள். நானும் வருகிறேன் என்றேன். சாட்சி சொல்கிறேன் என்றேன். உனக்கு வாக்குக் கொடுப்பதுபோல மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன், பார்.

சகாயம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு அவள் எத்தனையோ முறை வந்திருக்கிறாள், ஆனால் அவன் வண்டிக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும். அவன் வீட்டில் இருக்கும்போது அவள் வாசலைத் தாண்டியதில்லை. அன்றுதான் முதல் தடவை, அவன் அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமும். சுவருக்கு அப்பால் லூர்து இருமினான். குழாயைத் திறந்தான். கூட வேலை செய்கிறவனுக்குப் போன் போட்டு, "வூட்ல ஒரே பேஜாரு மாமு, நாளைக்கி வண்டிக்கி வர மாட்டேன்" என்றான். ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி விழுந்தது.

சகாயம் தலையைத் தூக்கினாள். சுவரைப் பார்த்தாள். அப்புறம் என் தையல் மெஷினைப் பார்த்தாள். அப்புறம் என்னை.

"இங்க இவ்ளோ நல்லா கேக்குதா அண்ணி?"

நீ கேட்டபோது பொய் சொன்னேன். இவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "கேக்கும்" என்றேன்.

அவள் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். புகார் கொடுத்தாயிற்று, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாயிற்று, லூர்து என் முகத்தில் விழிப்பதில்லை. சகாயம் என் வீட்டில்தான் இருக்கிறாள், நான் சமைத்ததைச் சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். அந்தச் சாவு வீட்டில் உன்னைக் கேட்டாளே ஒருத்தி, அவளுக்கு நீ எப்படி இத்தனை வருஷம் பதில் இல்லாமல் இருந்தாய் என்று இப்போது தினமும் யோசிக்கிறேன். நீ இருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன்.

நேற்று, அந்தக் கல்லூரிப் பெண் போன பிறகு, சகாயம், நான் அவளுக்கு விட்டுக்கொடுத்த கட்டிலை லூர்து வீட்டுச் சுவரோரத்திலிருந்து இழுத்து எதிர்ப் பக்கம் போட்டுக்கொண்டாள். கனமான கட்டில். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "வாணாம் அண்ணி, வுடுங்க" என்று சொல்லிவிட்டு, உடைந்து கூடிய அந்தக் கையாலேயே இழுத்தாள்.